கிளட்ச் இல்லாத வண்டியும் இழுவை குருசாமியும்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய ஷெட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகிவிட்டாலும், வாரத்துக்கு ஒருமுறை அங்கே போய் ஒரு டீ குடிக்காவிட்டால் எனக்குச் சரிப்படாது. உள்ளே ஒரு புத்தம்புதுக் கார் நின்றது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக். நாலு பேர் ஒரு சின்னத் திரையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது லாரி இல்ல, ஆட்டோமேட்டிக்கு. உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றார் அவர்களில் ஒருவர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. டீ கிளாசைக் கீழே வைத்தேன். "ஏலே, ஆட்டோமேட்டிக் பெட்டிய எஞ்சினோட சேக்கும்போது எதை எண்ணணும்? அதைச் சொல்லு, நான் ரோட்டுக்கே போயிருதேன்" என்றேன். நாலு பேரும் திரையைப் பார்த்தார்கள். திரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் விடவில்லை, உங்களுக்கு இது எப்படித் தெரியும், அந்தக் கதையைச் சொல்லுங்க என்று பிடித்துக்கொண்டார்கள். வாயால் சொன்னால் என் வீரத்தை மட்டும் சொல்லிவிட்டு அசட்டுத்தனத்தை விழுங்கிவிடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஆமத்தூர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். மழை ஏமாற்றி ஏமாற்றி, எங்கள் தெருவே ஒவ்வொரு வீடாகப் பட்டாசு ஆபீசுக்கு மாறியது. எங்கள் பக்கம் பட்டாசுத் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். எனக்கு அந்த மருந்து வாடை ஒத்துக்கொள்ளவில்லை, மூக்கிலிருந்து ரத்தம் வரும். ஆகவே பட்டாசு ஏற்றும் லாரி கம்பெனி ஒன்றின் ஷெட்டில் சேர்த்துவிட்டார்கள். முதல் மூன்று வருடம் மண்ணெண்ணெயில் நட்டுக் கழுவினேன். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பட்டாசு லாரி வேலையில் ஒரு தனிப் பத்தியம் உண்டு. வண்டி ஆபீஸ் வாசலுக்குள்ளே நின்றுவிட்டால் இரும்புச் சுத்தியலோடு உள்ளே போக முடியாது, பொறி பறக்கும். பித்தளைச் சுத்தியல், மரச் சுத்தியல்தான். அப்படி ஒரு தடவை விஸ்வநத்தத்தில் ஒரு ஆபீஸ் வளாகத்தில் லாரி கிளட்ச் பிளேட் தேய்ந்து நின்றுவிட்டது. மழை மேகம் கட்டிக்கொண்டிருந்தது. லோடு அன்றைக்கே போயாக வேண்டும். கூட ஆள் இல்லை, ஜாக்கியும் கோளாறு. கியர்பாக்ஸைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிளேட்டை மாற்றினேன். திரும்ப ஏற்றும்போது கடைசி ஒரு அங்குலம் உள்ளே போக மறுத்தது. நான் நீள போல்ட் நாலு போட்டு, இதில் கால் சுற்று அதில் கால் சுற்று என்று மாற்றி மாற்றி முறுக்கி, பெட்டியைத் தன்னால் உள்ளே இழுத்து உட்கார வைத்தேன். மழைக்கு முன்னால் லோடு கிளம்பியது. அன்றிலிருந்து எனக்கு இழுவை குருசாமி என்று பெயர். லாரி கியர்பாக்ஸ் முரட்டு ஜென்மம், இழுத்தால் வரும். இருபது வருடம் இழுத்தேன், இருபது வருடமும் வந்தது. எனக்குத் தலைக்கனம் ஏற இது போதாதா?

எனக்கு நாற்பத்தைந்து வயது நடக்கும்போது ஷெட்டுக்குப் புது மேனேஜர் வந்தார். தங்கவேல் சார். டிப்ளமோ படித்தவர், என்னைவிட எட்டு வயது இளையவர். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். அவருக்கு எதையும் எழுதி வைக்காமல் தொடக் கூடாது. எழுதுகிற காகிதமும் வேடிக்கைதான். சிவகாசி அச்சாபீசுகளில் நிறம் விலகிக் கழித்த பட்டாசு லேபிள் கட்டுக் கட்டாகக் கிடைக்கும். அதன் வெள்ளை முதுகில் எழுதுவார். ஒரு பக்கம் மூக்கு இரண்டாகிப்போன மயில் இருக்கும். மறுபக்கம் 'பின் வீல் பேரிங். இடப்பக்கம் முதலில். நட்டுகளை வரிசை மாற்றாமல் தட்டில் வைக்கவும்' என்று இருக்கும். "நம்ம சாரு சோறு திங்கணும்னாலும், முதலில் கை கழுவவும்னு எழுதித்தான் திம்பாரு" என்று நான் கேலி பண்ணுவேன். அவர் காதில் விழும். கண்டுகொள்ள மாட்டார்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. ஏதாவது தப்பு நடந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்பார், பதில் வரும்வரை பக்கத்தில் நிற்பார். திட்டு வாங்கியே பழகிய எங்களுக்கு அது திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். ஆடி மாதம். தீபாவளி லோடுகள் சூடு பிடிக்கிற நேரம். ஒரு நாள் காலையில் அச்சாபீஸ் ஆட்கள் ஆறு பேர் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் ஷெட்டுக்குள் விட்டார்கள். ஐம்பதுகளில் வந்த அமெரிக்கக் கார். கீழே பச்சை, மேலே மோர் நிறம், பின்னால் மீனுக்கு இருப்பதுபோல இரண்டு செட்டை. எங்கள் லாரி ஒன்றின் முக்கால் நீளம் இருந்தது.

உள்ளே ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் கனகமணி அம்மா. சிவகாசி ரோட்டில் லேபிள் அச்சாபீஸ் வைத்திருந்தார். எங்கள் லாரியில் போகிற பட்டாசுப் பெட்டிகளில் பாதிக்கு லேபிள் அவர் அடித்ததுதான். வயது நாற்பதுக்கு மேல், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் செயல்படாது, இரும்புப் பட்டை மாட்டி நடப்பார். அவருடைய அப்பா அந்தக் காரை எங்கிருந்தோ தேடி வாங்கியதே மகளுக்காகத்தான். அதில் கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று போதும். இருபது வயதிலிருந்து அவரே ஓட்டினார். லேபிள் புரூப் எடுத்துக்கொண்டு சாத்தூர், விஸ்வநத்தம் என்று ஆபீஸ் ஆபீசாகப் போவது, சினிமா, கோயில் எல்லாம் அந்தக் காரில்தான்.

இப்போது அதன் ஆட்டோமேட்டிக் பெட்டி போய்விட்டது. கியர் கம்பியை முன்னால் போகிற இடத்தில் தள்ளினால் எஞ்சின் அலறும், வண்டி நகராது. ஆயிலைத் தொட்டுப் பார்த்தேன். கருகிய வாடை.

"மூணு பட்டறையில கேட்டுட்டேன் அண்ணாச்சி. மூணு பேரும் ஜீப் கியர்பாக்ஸை வச்சு, கிளட்ச் போட்டுத் தாரோம்னு சொல்லுதாக" என்றார்.

"அதாம்மா சுளுவு. எல்லாரும் அப்படித்தான் மாத்துறாக" என்றேன் நானும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "மாத்துங்க. அந்தக் கிளட்ச யாரு மிதிப்பா? நீங்க தினமும் கூட வருவீகளா?"

ஷெட்டே சிரித்தது.

அவருக்கு ஒரு தம்பி, ராஜேந்திரன். கெட்டவர் இல்லை. அக்கா தனியாக வண்டியோடு எங்காவது ரோட்டில் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்தவர். கார் குடும்பச் சொத்து, அவர் பெயரில் இருந்தது. மதுரையில் கல்யாணத்துக்குப் பழைய கார் வாடகைக்கு விடுகிற ஒருவர் அதைக் கேட்டிருந்தார். டீசல் எஞ்சினும் கிளட்ச்சும் மாட்டி ஓட்டிக்கொள்வாராம். ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் வண்டி ஓடவில்லை என்றால் அவருக்குக் கொடுத்துவிடுவது, அக்காவுக்கு டிரைவரோடு புது வண்டி வாங்கித் தருவது என்று தம்பி முடிவு செய்திருந்தார்.

"நல்ல யோசனைதானம்மா?" என்று தங்கவேல் சார் மெதுவாகக் கேட்டார்.

"டிரைவர் வச்சா நாளைக்கு எங்க போறேன்னு இன்னைக்கே அவன்கிட்டச் சொல்லணும். அவன் தம்பிகிட்டச் சொல்லுவான். தம்பி வீட்டுல சொல்லுவான். நான் வெளிய போறதுக்கு நாலு பேரு கூடி முடிவு பண்ணுவாக. இம்புட்டு வருசம் நான் அப்படி இருக்கல சார். இந்த வண்டி போச்சுன்னா எனக்கு ரெண்டு காலும் போன மாதிரி."

தங்கவேல் சார் ஒரு லேபிளை எடுத்து அதன் முதுகில் கோடு போட்டார். வேலையை ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். கிளட்ச் இல்லாத கார் அப்போது எங்கள் பக்கம் கண்ணில்கூடப் படாது. எங்களில் ஒருவரும் அந்தப் பெட்டியைக் கழற்றியதில்லை. சீசன் நேரத்தில் இது தேவையா என்று நான் முணுமுணுத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் கை அரித்தது. பொய் சொல்லக் கூடாது.

பெட்டி தேடுவதில் பத்து நாள் போய்விட்டது. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் இதே மாதிரிக் காருக்கு எப்போதோ டீசல் எஞ்சின் மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து இறக்கிய ஆட்டோமேட்டிக் பெட்டி, சாக்குப் போட்டு மூடி, கார் நிறுத்துகிற கொட்டகையின் மூலையில் கிடந்தது. தங்கவேல் சார் போய்ப் பார்த்து, ஆயிலை முகர்ந்து, கொண்டுவந்தார். கோயம்புத்தூரில் அவருக்கு ராணுவப் பட்டறையில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவர் இருந்தார். அவர் போனில் சொல்லச் சொல்ல இவர் எழுதிக்கொண்டார். லேபிள் முதுகில் ஒன்பது வரி. மறுபக்கம் தலைகீழாக அச்சான ஒரு கிளி.

அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்தார். நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பழைய பெட்டியை இறக்கியதில் சிக்கல் ஒன்றுமில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, ஆயிலை வடித்து, பின் வீலுக்குப் போகும் நீள ராடை இறக்கி, ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு ஆயில் குழாய்களைப் பிரித்து வாயில் துணி அடைத்தேன். லாரியில் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இருக்கும். இதில் அந்த இடத்தில் மூடிய பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் குடம். கன்வர்ட்டர் என்று பெயர். உள்ளே முழுக்க ஆயில். அந்த ஆயில்தான் எஞ்சின் சுழற்சியைப் பெட்டிக்குக் கடத்தும். குடத்தின் கழுத்து, பெட்டிக்குள் இருக்கிற ஆயில் பம்பைக் கவ்விக்கொண்டு சுற்ற வேண்டும். பம்பு சுற்றினால்தான் பெட்டிக்கு உயிர்.

காரைக்குடிப் பெட்டியை ஏற்றுகிற அன்று சாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் லாரி ஒன்று நின்றுவிட்டதென்று தங்கவேல் சார் போய்விட்டார். "நான் வர்ற வரைக்கும் ஏத்த வேண்டாம்ணே. ஏத்தினா ஆறாவது வரியைப் பாத்துட்டு ஏத்துங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்குக் காத்திருக்க முடியவில்லை. எத்தனை கியர்பாக்ஸ் ஏற்றிய கை இது, கிளிப் படத்தைப் பார்த்தா ஏற்ற வேண்டும்?

குடத்தைப் பெட்டியின் தண்டில் செருகித் திருகினேன். லொடக்கென்று ஒரு தடவை இறங்கியது. இன்னொரு திருகு, இன்னொரு இறக்கம். அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஜாக்கியில் பெட்டியைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தேன். முக்கால் அங்குலம் இடைவெளி நின்றது. கையால் தள்ளினால் போகவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. இதுவும் நம்ம லாரி ஜென்மம்தான் என்று நாலு போல்ட்டைப் போட்டு இழுக்க ஆரம்பித்தேன். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. நன்றாக வந்துகொண்டிருந்தது. கடைசியில் உள்ளே எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம். அப்புறம் பெட்டி பொருந்திவிட்டது.

பெட்டி விலகாமல் பிடிக்கிற ஊக்கு துளையில் உட்கார்ந்த சத்தம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கைக்குத் தெரியும், அது ஊக்கு இல்லை என்று. சாப்பாட்டு நேரத்தில் ஒதுங்கிப் போய்ப் பையிலிருந்த காகிதத்தைப் பிரித்தேன். ஆறாவது வரி: 'கன்வர்ட்டர் மூன்று தடவை இறங்கும். எண்ணவும். பெட்டி எஞ்சினோடு கைத்தள்ளலில் சேர வேண்டும். போல்ட்டால் இழுக்கவே கூடாது.' காகிதத்தை அவசரமாக மடித்துப் பையில் திணித்தேன்.

நாலு மணிக்குத் தங்கவேல் சார் வந்தார். சுற்றிலும் கையால் தடவிப் பார்த்தார். "மூணு தடவையும் இறங்குச்சாண்ணே?" என்றார். வழக்கம்போலப் பக்கத்தில் நின்றார்.

"இறங்குச்சு சார்" என்றேன்.

"சரிண்ணே. காலையில ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணுவோம்."

வீட்டுக்குப் போனேன். என் மனைவி முத்துமாரி ஆபீசிலிருந்து வந்து குளித்துவிட்டு அடுப்படியில் இருந்தாள். அவளுக்குப் பட்டாசுக்குள் மருந்து செலுத்துகிற அறையில் பதினைந்து வருடமாக வேலை. தட்டில் சோற்றை வைத்துவிட்டு நான் பிசைந்துகொண்டே இருப்பதைப் பார்த்தாள்.

"என்ன, கொழம்பு சரியில்லையா?"

"வேலையில ஒரு சத்தம் கேட்டுச்சு."

"சார்கிட்டச் சொன்னீகளா?"

"கேட்டாரு. எல்லாம் சரின்னுட்டேன்."

கரண்டியைச் சட்டியில் போட்டாள். "எங்க ரூம்ல நாலு பேரு உக்காந்து மருந்து செலுத்துதோம். ஒரு பொடிக்கல்லு உள்ள விழுந்தா உரசி வெடிச்சிரும். விழுந்த மாதிரித் தெரிஞ்சாப் போதும். 'விழுந்துருச்சு'ன்னு ஒருத்தி சொல்லுவா. நாலு பேரும் கையை எடுத்துட்டு எந்திரிச்சு வெளிய போயிருவோம். யாரு போட்டா, எப்படி விழுந்துச்சுன்னு ஒருத்தியும் கேக்க மாட்டோம். கேட்டா அடுத்த தடவ விழும்போது அவ சொல்ல மாட்டாள்ல. நீங்க என்னன்னா கல்லு விழுந்த மருந்துல கையை வச்சுக்கிட்டுச் சோறு திங்கிறீக."

இத்தனை வருடக் குடித்தனத்தில் அந்த அறைப் பழக்கத்தை அவள் எனக்குச் சொன்னது அன்றுதான். நானும் அதுவரை கேட்டதில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் ஷெட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் எனக்கு முன்னால் தங்கவேல் சார் அங்கே இருந்தார். ஆயில் ஊற்றி முடித்து, சாவி கையில். பெட்டிக்குள் ஒரு துண்டு உடைந்து கிடந்து எஞ்சினும் சுற்றிவிட்டால், அந்தத் துண்டு பெட்டி முழுக்கப் பயணம் போகும். காரைக்குடிப் பெட்டி மாதிரி இன்னொன்று கிடைக்காது.

"சார், சாவியப் போடாதீக" என்றேன். "மூணாவது இறக்கம் நான் எண்ணல. போல்ட்டுப் போட்டு இழுத்தேன். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. நேத்து உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவர் ஒரு கேள்வி கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. சாவியை மேசையில் வைத்தார். வண்டியின் முன்பக்கம் போய்ப் பேட்டரி வயரைக் கழற்றினார். "ஸ்பேனர் எடுங்கண்ணே" என்றார்.

மத்தியானத்துக்குள் பெட்டி மறுபடி கீழே வந்தது. பம்பு கியரில் கன்வர்ட்டர் கழுத்தைக் கவ்வுகிற இரண்டு காதுகளில் ஒன்று முறிந்து, குடத்தின் வாயில் கிடந்தது. சுண்டுவிரல் நகம் அளவு துண்டு. அதைக் கையில் எடுத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமா, தப்பித்த நிம்மதியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

சாயங்காலம் கனகமணி அம்மா வந்தார். "நாங்க ஒரு சாமானை உடைச்சிட்டோம்மா" என்றார் தங்கவேல் சார்.

"நாங்க இல்லம்மா, நான்" என்றேன்.

கனகமணி அம்மா உடைந்த துண்டை வாங்கிப் பார்த்தார். ஆவணி முகூர்த்தத்துக்குப் பதினோரு நாள் இருந்தது, மதுரைக்காரர் முந்தின நாள்தான் போன் பண்ணிக் கேட்டிருந்தாராம். அப்புறம், "அழுது என்ன ஆகப்போகுது, அடுத்து என்ன செய்யணும்? அதைச் சொல்லுங்க" என்றார்.

வழி ஒன்று இருந்தது. அவருடைய பழைய பெட்டியில் தேய்ந்து கருகியது உள் பிளேட்டுகள்தான். அதன் பம்பு எப்படி இருக்கிறது? நானும் தங்கவேல் சாரும் அதைத் திறந்தோம். ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றிய வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வைத்தேன். அவர் சொல்லி இல்லை, நானாகவே. பம்புப் பல்லில் ஒரு கீறல்கூட இல்லை. மெல்லிய தகடுகளை நுழைத்து இடைவெளி அளந்தோம், சரியாக இருந்தது. அதை முழுசாக எடுத்துக் காரைக்குடிப் பெட்டியில் வைத்துவிடலாம்.

ஆனால் இடையில் வைக்கிற காகிதக் கேஸ்கட் கிழிந்துவிட்டது. ஏகப்பட்ட துளை உள்ளது. ஒரு துளை விலகினாலும் ஆயில் வழி மாறிப் போகும். லாரி கேஸ்கட்டைப் பெட்டிமேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டுவோம். இதற்கு அந்த வேலை ஆகாது. கனகமணி அம்மா கிழிந்ததை ஒட்டி வைத்துப் பார்த்தார். "இதுக்கா யோசிக்கிறீக? நான் புஸ்வாணப் பெட்டிக்கு இதவிடச் சின்ன ஓட்டையெல்லாம் வெட்டுதேன்" என்றார். எடுத்துக்கொண்டு போய்விட்டார். பலகையில் பிளேடு வளைத்துப் பதித்து டை என்கிற வெட்டு அச்சு செய்து, பட்டாசுப் பெட்டி வெட்டுகிற மிஷினில் கேஸ்கட் தாளை அவரே நின்று வெட்டினார். மூன்றாம் நாள் ஆறு கேஸ்கட் கொண்டுவந்தார். பெட்டியின் மேல் வைத்தால் ஒவ்வொரு துளையும் துளைமேல் உட்கார்ந்தது. "அஞ்சு எதுக்கும்மா கூடுதலா?" என்றேன். "நீங்க இருக்கீகள்ல அண்ணாச்சி, அதுக்குத்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு வேண்டியதுதான்.

ரப்பர் சீல் விருதுநகரில் எண்ணெய் மில் சாமான் விற்கிற கடையில், அளவு பார்த்துக் கிடைத்தது. ஆயிலுக்கும் அலையவில்லை. லாரி பவர் ஸ்டியரிங்குக்கு ஊற்றும் சிவப்பு ஆயில்தான் இதற்கும்.

மறுபடி ஏற்றுகிற நாள். காகிதத்தை வண்டியின் கதவில் ஒட்டி வைத்தேன். குடத்துக்குள் ஆயில் ஊற்றி, தண்டில் செருகி, இரண்டு கையாலும் மெல்லத் திருகினேன். ஒன்று. இன்னும் திருகினேன். இரண்டு. இங்கேதான் போன தடவை நிறுத்தியிருந்தேன். தங்கவேல் சார் பக்கத்தில் நின்றார். திருகினேன், வரவில்லை. வெளியே இழுத்து மறுபடி திருகினேன், வரவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும். கை மரத்துப்போயிற்று. பலம் போட்டால் வராது என்று அப்போதுதான் புரிந்தது. பிடியைத் தளர்த்தி, பாரத்தை மட்டும் தாங்கிக்கொண்டு, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோலத் திருப்பினேன். லொடக்.

"மூணு!" என்று நான் கத்தியதில் ரோட்டில் போன சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை பெட்டி எஞ்சினோடு கைத்தள்ளலிலேயே ஒட்டிக்கொண்டது. குடத்துக்கும் எஞ்சின் தகட்டுக்கும் நடுவில் ஒரு ரூபாய்க் காசு நுழைகிற இடைவெளி. விரலால் தள்ளினால் குடம் சுற்றியது. போல்ட்டுகளை அதற்கப்புறம்தான் தொட்டேன்.

ஸ்டார்ட் செய்தோம். எஞ்சின் ஓடும்போதே ஆயில் அளவு பார்க்க வேண்டும், குறைந்ததை ஊற்ற வேண்டும். ஊற்றினேன். தங்கவேல் சார் பிரேக்கை மிதித்துக்கொண்டு கம்பியைத் தள்ளினார். அத்தனை பெரிய வண்டி முன்பக்கம் லேசாக நிமிர்ந்து, போகட்டுமா என்று கேட்பதுபோல நின்றது. கை தட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் எல்லோரும் ஆயில் கையோடு நின்றோம்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்னால் கனகமணி அம்மா தம்பியோடு வந்தார். ராஜேந்திரன் கீழே குனிந்து ஒழுகுகிறதா என்று பார்த்தார். நான் விரித்து வைத்திருந்த வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு இல்லை. "விருதுநகர் எல்லை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வாங்கம்மா. இருபது நிமிசம். குருசாமி அண்ணன் கூட வரட்டும்" என்றார் தங்கவேல் சார்.

"நான் தனியாப் போறேன்" என்றார் அவர். இரும்புப் பட்டை போட்ட காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார். கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்த்தார். வண்டி சத்தமில்லாமல் ரோட்டில் ஏறிப் போயிற்று.

இருபது நிமிடம் ஆனது. ஒரு மணி நேரம் ஆனது. ராஜேந்திரன் ரோட்டுக்கும் ஷெட்டுக்குமாக நடந்தார். நான் மனதுக்குள் ஒன்பது வரியையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்தேன். எதை விட்டேன்? எங்கே நிற்கிறதோ? மோட்டார் சைக்கிளில் போய்த் தேடலாம் என்று கிளம்பும்போது தங்கவேல் சாரின் செல்போன் அடித்தது. பேசிவிட்டு அதை ராஜேந்திரனிடம் நீட்டினார்.

"அக்கா, எங்க இருக்க? வண்டி நின்னுருச்சா? ... ஓடுதா? அப்ப எங்கதான் இருக்க?" என்று ராஜேந்திரன் பதறினார். அப்புறம் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனைத் திருப்பித் தந்துவிட்டு அங்கே கிடந்த லாரி டயர் மேல் உட்கார்ந்தார்.

"வண்டி சூப்பரா ஓடுதாம். சாயந்தரம் வருவாளாம்" என்றார்.

"எங்க இருக்காகளாம்?" என்றேன்.

"சொல்ல மாட்டாளாம்."

ராஜேந்திரன் டயரிலிருந்து எழுந்தார். பிறகு தன் போனை எடுத்து மதுரைக்காரருக்கு அடித்தார்.

"அண்ணாச்சி, வண்டி குடுக்கிறதா இல்லங்க. மன்னிச்சுக்கோங்க... இல்ல, ஓடுதுங்க... இப்ப வண்டி எங்க நிக்குதுன்னா? அது எனக்குத் தெரியாதுங்க. சத்தியமாத் தெரியாது" என்று சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.